காதுக்குள் ஒரு மிளகு

தொம்மையின் குறட்டைக்கு அந்தக் குடியிருப்பில் தனி மரியாதை இருந்தது. மூன்றாம் மாடியில் அவன் குறட்டை விட்டால் முதல் மாடியில் குடத்தின் மேல் கவிழ்த்து வைத்த தம்ளர் ஆடும் என்று சொல்லுவார்கள். அது கொஞ்சம் மிகை. தம்ளர் ஆடியது இரண்டாம் மாடி வரைக்கும்தான்.

அவன் மனைவி ரெக்ஸ்லின் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினாள். பழுதான விசைப்படகுகளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைப்பதும், வேலை முடிந்ததும் திரும்பக் கடலில் இறக்குவதும் அவள் பொறுப்பு. படகு அந்தரத்தில் தொங்கும்போது கீழே ஆட்கள் நிற்பார்கள். மேலே இருக்கிறவளின் கை ஒரு தரம் தூக்கத்தில் தளர்ந்தால் போதும்.

அதற்காகத்தான் கண்ணாடி வந்தது. இயந்திர வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாசலில் அந்தக் கண்ணாடியின் முன் நிற்க வேண்டும். முகம் பார்த்துத் தலை சரி செய்கிற நேரம்தான் ஆகும். அதற்குள் கண்மணி எப்படிச் சுருங்குகிறது, இமை எவ்வளவு சோம்பலாக இறங்குகிறது என்று அது படித்துவிடும். நன்றாகத் தூங்கியவருக்குப் பச்சை எரியும், கதவு திறக்கும். தூக்கம் போதாதவருக்குச் சிவப்பு எரியும், வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். மூன்று சிவப்பு வாங்கினால் கிரேன் உரிமம் போய்விடும்.

கண்ணாடி வந்த பிறகு விபத்துகள் குறைந்தன. அதை ரெக்ஸ்லினும் மறுக்கமாட்டாள். ஆனால் கூடவே வேறு சிலதும் மாறின. முன்பு குடித்துவிட்டு வேலைக்கு வந்தவனைப் பார்த்த பார்வையால் ஊர் இப்போது தூங்காமல் வந்தவனைப் பார்த்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளையின் சம்பளத்தோடு அவனுடைய ராத்திரிச் சத்தத்தின் பதிவையும் கேட்டு வாங்கினார்கள். கடற்கரைச் சாலையில் தூக்கக் கடைகள் முளைத்தன. ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி, வாடகைக்குக் கிடைக்கும். புருஷன் ஒரு பெட்டியிலும் பெண்டாட்டி ஒரு பெட்டியிலும் தூங்கி எழுந்து, காலையில் டீக்கடையில் சந்தித்துக்கொள்கிற குடும்பங்கள் பெருகிவிட்டன.

ரெக்ஸ்லினிடமும் அந்த யோசனையைச் சொன்னார்கள். "டீக்கடையில பாக்கதுக்கா கல்யாணம் முடிச்சேன்?" என்று கேட்டுவிட்டாள்.

தொம்மையும் சும்மா இருக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டை விட்டான். ஒருக்களித்துப் படுத்தான். மல்லாந்து புரளாமல் இருக்கச் சட்டையின் முதுகில் வலை மிதவை ஒன்றைத் தைத்துக்கொண்டு படுத்தான். மிதவையின் மேலேயே மல்லாந்து, முன்னை விட உற்சாகமாகக் குறட்டை விட்டான்.

உண்மையில் அவளைத் தூங்கவிடாமல் செய்தது குறட்டை மட்டும் இல்லை. தொம்மை மீன் ஏலம் விடுகிறவன். ஏலக்கூடத்தில் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்று அவன் குரலெடுத்தால் ஐஸ் அள்ளுகிறவர்கள் மண்வெட்டியை நிறுத்துவார்கள். அவனுக்கு முன்னால் அவன் குரலைத்தான் ரெக்ஸ்லினுக்குத் தெரியும். கிரேன் பழக வந்த புதிதில் மேலே இருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு நாள் மெலிந்த கூடை ஒன்று கடைசியாக ஏலத்துக்கு வந்தது. புருஷனைக் கடலில் இழந்த ஒருத்தியின் கூடை. அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள். "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொன்ன தொம்மை, மூன்றாவது தரத்தைச் சொல்லாமல் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேலியும் கிண்டலுமாகப் பேசிப் பேசியே விலையை ஏற்றினான். நியாயமான இடத்துக்கு வந்த பிறகுதான் முடித்தான். யார் இந்த ஆள் என்று ரெக்ஸ்லின் அன்றைக்கு வேலை முடிந்ததும் போய்ப் பார்த்தாள். அப்படித்தான் தொடங்கியது.

அந்த மனுஷன் தூக்கத்திலும் ஏலம் விட்டான். குறட்டைக்கு நடுவில், அதே அடிவயிற்றுக் குரலில், "ஒரு தரம்" என்பான். நாலு குறட்டை போகும். "ரெண்டு தரம்" என்பான். அத்தோடு சரி. மூன்றாவது வரவே வராது. அது இப்போது வரும், இப்போது வரும் என்று காத்துக் கிடந்தே ரெக்ஸ்லினுக்கு விடிந்துவிடும்.

இரண்டாவது சிவப்பு விழுந்த அன்று அவள் நேராக அப்சானாவிடம் போனாள்.

அப்சானா காது வைத்தியம் படித்தவள். மிளகு வைக்கிற கடை நடத்தினாள். கம்பெனிக்காரர்கள் அதற்கு ஏதோ நீளமான பெயர் வைத்திருந்தார்கள். பார்க்க மிளகு மாதிரி இருந்ததால் ஊர் அதை மிளகு என்றே சொன்னது.

"ஒரு காதுக்குள்ள வைப்போம்க்கா, ரெண்டு காதுக்கும் அதுவே போதும். நரம்புல வேர் பிடிச்சுக்கும். தெனமும் கழட்டி மாட்டுற சோலி இல்ல," என்றாள் அப்சானா. "யாரோட சத்தம் வேண்டாமோ அத அதுக்குப் படிச்சுக் குடுக்கணும். அதுக்குப் பிறகு அந்தத் தொண்டையில இருந்து அந்தச் சத்தம் வந்தா, உங்க காதுக்குப் போகாது. மத்ததெல்லாம் கேக்கும்."

"கதவத் தட்டுனா?"

"கேக்கும்."

"கரண்டி விழுந்தா?"

"எல்லாம் கேக்கும்க்கா. பதிவு கொண்டு வந்திருக்கியளா?"

ரெக்ஸ்லின் இருப்பதிலேயே பலமான பதிவாகப் பார்த்துக் கொண்டு வந்திருந்தாள். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்சானா கேட்டாள். முதலில் கண்ணை விரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னக்கா, தூக்கத்துல ஏலம் விடுதாரு?"

"தெனமும் அதான்."

"என்ன மீனு விக்காரு?"

"யாருக்குத் தெரியும்? வித்து முடிச்சாத்தான தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக மிளகு அந்தப் பதிவை முழுதாகப் படித்துக்கொண்டது.

அன்று முதல் ரெக்ஸ்லின் தூங்கினாள். படுத்தது மட்டும் தெரியும், அடுத்தது காலைதான். பச்சை மேல் பச்சை. கிரேனின் நெம்புகோல் அவள் விரல்கள் சொன்னபடி கேட்டது. படகை முட்டையைப் போல் இறக்கி வைக்கிறாள் என்று கரையில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் இரண்டொரு நாளிலேயே தொம்மையின் பேச்சு மெலிந்து போனது. மூக்கால் பேசினான். கிளி பேசுகிற மாதிரி இருந்தது.

"என்னங்க, குரலு ஒரு மாதிரி இருக்கே?"

"தொண்ட கட்டிருக்குட்டி. ஐஸ் காத்து."

கற்பூரவல்லி கொடுத்தாள். சுக்குக் கஷாயம் வைத்தாள். தொண்டை திறக்கவில்லை. நாளாக ஆக அதுவே பழகிவிட்டது. சண்டையில்கூட அவன் கிளிக்குரலில் கத்தினால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும், சண்டை நின்றுவிடும்.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "சாயங்காலம் ஏலக்கூடத்து சுவரோரமாத்தான் வந்தேன். உங்க சத்தத்தையே காணோமே?"

தொம்மை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இப்ப எல்லாம் போர்டுலதான். பித்தான அமுக்கி விலை கேக்காங்க. வாய்க்கு வேலை இல்ல," என்றான்.

"நல்லதாப் போச்சு. தொண்டைக்கு ஓய்வு."

"ஆமா," என்றான் தொம்மை. குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டான்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் காற்று எச்சரிக்கை வந்தது. காற்று கூடினால் கிரேனைக் கட்டிப்போட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். கடலுக்குப் போன படகுகளும் அதே காற்றுக்குப் பயந்து மத்தியானமே திரும்பின. வீட்டுக்குச் சேர்ந்து போகலாமே என்று ரெக்ஸ்லின் ஏலக்கூடத்துக்குள் நுழைந்தாள்.

போர்டு எதுவும் இல்லை. பித்தானும் இல்லை. கூட்டம் வட்டமாக நின்றது. நடுவில் அதே மரப்பெட்டி. அதன் மேல் தொம்மை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. வாய் அகலத் திறந்து மூடியது. அவன் ஏதோ சொல்ல, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தகரக் கூரையில் காற்று உரசுவது கேட்டது. ஐஸ் நொறுங்குவது கேட்டது. "இன்னொரு நூறு வச்சுக்கோங்க அண்ணாச்சி" என்று ஒருவர் கத்தியது கேட்டது. பெட்டியின் மேல் நின்றவன் மட்டும் கண்ணாடித் தொட்டிக்குள் நிற்கிற மீனைப் போல் வாயசைத்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் குவிந்து பிரிந்தன. ரெண்டு தரம். அந்த அசைவு அவளுக்குத் தெரியும்.

"என்ன புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்க?" என்று தோளைத் தொட்டாள் லூர்தம்மாள். பல வருஷமாக அந்தக் கூடத்தில் மீன் எடுத்து விற்கிறவள்.

"லூர்தக்கா, இவுக கத்துதாகளா?"

"கத்துதாகளாவா? என் காது கிழியுது." சொன்ன பிறகுதான் லூர்தம்மாளுக்கு விஷயம் உறைத்தது. ரெக்ஸ்லினின் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "வீட்டுல ஒண்ணும் காட்டிக்காத. நான் சொன்னேன்னும் சொல்லாத."

"எத?"

"நீ மிளகு வச்ச மறுநாளே அவருக்குத் தெரிஞ்சு போச்சு. நீ அடுப்படியில நின்னியாம். பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காரு. நீ திரும்பல. பக்கத்துல வந்து கூப்பிட்டிருக்காரு. அப்பவும் திரும்பல. விளையாட்டா மூக்கால கிளி மாதிரி கூப்பிட்டிருக்காரு. சட்டுனு திரும்பி 'என்னங்க'ன்னியாம். அன்னைக்கு சாயங்காலமே ஐஸ் ரூமுக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டாரு. என்னமோ ஏதோன்னு நாங்க காத வச்சுக் கேட்டா, 'ரெக்ஸி, சோறு வையி. ரெக்ஸி, மழ வாரமாரி இருக்கு'ன்னு மூக்கால பேசிப் பழகுதாரு. நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே! மறுநாளும் போனாரு. அதுக்கு மறுநாளும் போனாரு. பெறகு ஒருத்தரும் சிரிக்கல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'சொன்னா எடுத்துருவா அக்கா. எடுத்தா கண்ணாடியில செவப்பு. அவ கிரேன்ல உக்காந்திருக்கதப் பாத்திருக்கியளா, ராணி மாதிரி இருப்பா'ன்னாரு."

ரெக்ஸ்லின் தூணில் சாய்ந்துகொண்டாள். பெட்டியின் மேல் தொம்மை யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான், கூட்டம் குலுங்கியது. குரலை வைத்துச் சாப்பிடுகிறவன். அந்தக் குரலை வீட்டு வாசலில் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வேறொரு குரலைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்திருக்கிறான். சண்டையில்கூட ஒரு தடவை தவறவிடவில்லை. கோபத்தில் கூடவா ஒருவனுக்கு இத்தனை ஞாபகம் இருக்கும்? அவளால் நம்ப முடியவில்லை. இத்தனை நாளும் தான் தூங்கிய தூக்கம் யார் கொடுத்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவனை அழைக்காமலே திரும்பிவிட்டாள்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு அப்சானாவிடம் போனாள். நடந்ததைக் கேட்ட அப்சானா தலையில் கை வைத்துக்கொண்டாள். "குறட்டையும் ஏலமும் ஒரே மூச்சுல வந்துச்சு. மிளகுக்கு எது எதுன்னு தெரியுமாக்கா? அடிவயித்துல இருந்து வாரதெல்லாம் வேண்டாத சத்தம்னு படிச்சிருக்கும். நானும் சிரிச்சனே தவிர யோசிக்கல."

"படிச்சத மறக்கடிக்க முடியாதா? குறட்டைய மட்டும் வச்சுக்கிட்டு?"

"முடியாது. எடுத்துரலாம், அவ்வளவுதான். ஆனா எடுத்த காதுல மறுபடி வேர் பிடிக்காது. நல்லா யோசிச்சுக்கோங்க. அவரு குறட்டை அப்படியே திரும்பி வரும். உங்களுக்கு ஏற்கெனவே ரெண்டு செவப்பு."

"யோசிச்சுட்டேன்," என்றாள் ரெக்ஸ்லின். "அந்தக் குரலக் கேட்டுத்தான் அவுகளக் கட்டுனேன்."

வெளியே வரும்போது காத்திருந்தவர்களில் ஒரு நடுவயதுக்காரர் மடியில் பதிவுக் கருவியை வைத்திருந்தார். தாயாரின் இருமலாம். தூங்க முடியவில்லையாம், லாரி ஓட்டுகிறாராம். ரெக்ஸ்லின் யாரிடமும் வலியப் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் நின்றாள். "இருமுனதுக்குப் பெறகு அவங்க உங்களப் பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிடுவாங்க. தண்ணி கேட்டு."

"அதுவும் பதிவுல இருக்கான்னு ஒருக்கா கேட்டுட்டு உள்ள போங்க."

அன்று சாயங்காலம் அவள் ஏலக்கூடத்தில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மிளகு எடுத்த காதில் சின்னதாக வலி இருந்தது. தொம்மை பெட்டியின் மேல் ஏறினான். கைக்கு அடங்காத சீலா மீன் ஒன்றை இருவர் தூக்கி வந்து கீழே கிடத்தினார்கள்.

"பாருங்கடே, ராசா மாதிரி படுத்திருக்கத!" என்றான் தொம்மை.

சரளைக்கல் மேல் தேர்ச்சக்கரம் உருள்கிற மாதிரி அதே குரல். எவ்வளவு நாளாயிற்று! விலை ஏறிக்கொண்டு போனது. அவன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி இழுத்தான், சீண்டினான், புகழ்ந்தான். ஒரு வார்த்தை விடாமல் அவள் கேட்டாள். கடைசியில் கை தூக்குவார் இல்லை.

"ஒரு தரம்!" என்றான். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "ரெண்டு தரம்!"

"இன்னொரு அம்பது வச்சுக்கோங்க," என்றாள் ரெக்ஸ்லின் தூணுக்குப் பின்னாலிருந்து.

தொம்மை திரும்பினான். அவளைப் பார்த்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. அத்தனை பேர் நடுவிலும் கிளிக்குரலில், "ரெக்ஸி, நீ எங்கட்டி இங்க?" என்றான். கூடமே வெடித்துச் சிரித்தது.

"அந்தக் குரலு வேண்டாம்," என்றாள் அவள். "ரெண்டு தரம் சொல்லிட்டிய. எனக்குக் கேட்டுச்சு. மூணாவதச் சொல்லுங்க."

தொம்மை வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. இந்தத் தடவை யாருக்குமே கேட்கவில்லை. முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, மீனு கெட்டுப் போவுது!" என்று கத்தினாள் லூர்தம்மாள்.

"மூணு தரம்!" என்றான் தொம்மை. தகரக் கூரை அதிர்ந்தது.

சீலாவில் பாதியை லூர்தம்மாளிடமே விற்றுவிட்டு, மீதியைப் பையில் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள்.

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"நாளைக்குக் கண்ணாடி?"

"பாத்துக்கிடலாம்."

"மூணாவது செவப்புட்டி. வெளையாடாத."

"செவப்பு விழுந்தா விழட்டும். கீழ வந்து லூர்தக்காகூட மீனு விக்கேன். நீங்க ஏலம் விடுங்க, நான் எடுக்கேன்."

"நீ கேக்க வெலைக்கு நம்ம குடும்பம் தேறாது," என்றான். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் ஏதோ யோசித்துக்கொண்டே வந்தான்.

அவ்வளவு சொன்னாலும் படுக்கும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. கிரேன் மேலிருந்து கடல் எப்படித் தெரியும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டாள். குறட்டைக்காகக் காத்திருந்தாள். காத்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கண் விழித்தபோது வெயில் வந்திருந்தது. குறட்டை கேட்டதாகவே இல்லை. காது போய்விட்டதோ என்று பதறி எழுந்தாள்.

"காப்பி," என்றான் தொம்மை, கனத்த குரலில், பக்கத்தில் நின்று. கேட்டது. நன்றாகக் கேட்டது. மீன் குழம்பும் களைப்பும் சேர்ந்து தன்னை அடித்துப் போட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"தூசி."

கண்ணாடியின் முன் நின்றபோது அவள் மூச்சு விடவில்லை. பச்சை. கதவு திறந்தது.

கிரேனில் ஏறினாள். முதல் படகின் வயிற்றில் தூக்குப் பட்டைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சைகை வருவதற்காகக் காத்திருந்தவள் கீழே பார்த்தாள். ஏலக்கூடத்தில் காலை ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூரைக்கு அடியில் தொம்மை பெட்டியின் மேல் நிற்க வேண்டிய நேரம். கூடத்துக்கு வெளியே வலைக் குவியலின் மேல் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தான். அந்தச் சட்டையை அவள்தான் துவைத்திருந்தாள்.

லூர்தம்மாளைப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, அவுக என்ன அங்க படுத்திருக்காக?"

"உனக்குத் தெரியாதாக்கும்? நேத்து ராத்திரி பூரா உன் தலமாட்டுல பொட்டுத் தூக்கமில்லாம உக்காந்திருந்தாராம். இனிமே பகல்லதான் தூக்கமாம். கால ஏலத்த சேசையாவுக்கு விட்டுக் குடுத்துட்டாரு. 'அவளுக்குக் கண்ணாடி, எனக்கென்ன கண்ணாடியா'ங்காரு. நாங்கதான் புள்ள செத்தோம். இங்க ஒருத்தருக்கும் ஏலம் காதுல விழல!"

ரெக்ஸ்லின் கேபினின் ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். காற்று வந்தது. டீசல் வாடை வந்தது. அவற்றுக்கு அடியில், துறைமுகத்தின் எல்லாச் சத்தத்தையும் விலக்கிக்கொண்டு, அது வந்தது. ஏறி, தயங்கி, இறங்கி. இந்தத் தூரத்துக்கு அது கடல் மாதிரியே இருந்தது. கூடத்து வாசலில் இருவர் காதைப் பொத்திக்கொண்டு போனார்கள்.

"ஒரு தரம்," என்றான் தொம்மை தூக்கத்தில்.

கீழே பட்டை மாட்டியவர்கள் விலகி நின்று கையை உயர்த்தினார்கள். அவள் நெம்புகோலைப் பிடித்தாள். நாலு குறட்டை போகும்வரை பொறுத்தாள்.

"ரெண்டு தரம்."

"மூணு தரம்," என்று ரெக்ஸ்லின் தனக்குள் சொல்லி அந்த ஏலத்தை முடித்து வைத்தாள். படகு தண்ணீரை விட்டு மெல்ல எழுந்தது.